இரண்டு வாளி கம்போஸ்ட் போட்டும் செம்மண் ஏன் இறுகியே கிடக்கிறது?

உங்கள் கேள்விக்குத் தலைப்பாக 'நல்ல கம்போஸ்ட் செய்வது எப்படி' என்று போட்டிருக்கிறீர்கள். உள்ளே எழுதியிருப்பதைப் படித்தால் கேள்வி வேறு. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் கீழ்வீட்டில் இருக்கிறீர்கள், வீட்டில் 4 பேர், பின்பக்கம் 10-க்கு 12 அடி செம்மண் இடம். ஆறு மாதமாகச் சமையலறைக் கழிவைப் பச்சை வாளியில் சேர்த்து, தச்சுப் பட்டறை மரத்தூளைத் தூவி, 2 வாளி உரம் எடுத்து மண்ணில் கொத்திவிட்டிருக்கிறீர்கள். வெண்டையும் கத்தரியும் வைத்த மூன்றாவது வாரமே இலை வெளுத்துவிட்டது. மண் நாலு நாள் வெயிலில் செங்கல் மாதிரி ஆகிறது. வாளியில் புழு, மாடியிலிருந்து வீட்டுக்காரர் நாற்றம் என்கிறார். 'இதெல்லாம் வெறும் பேச்சா, பேசாமல் யூரியா வாங்கிப் போட்டுவிடலாமா' என்பதுதான் நீங்கள் கேட்பது.

நீங்கள் சொன்னதையும் கூடவே போட்ட படத்தையும் வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயம் ஏறக்குறைய நிச்சயம்: போட்ட உரம் முழுதாக மக்கவில்லை, போட்ட அளவும் மிகக் குறைவு. மூன்றாவது ஒரு சந்தேகம்: உங்கள் தோட்டத்து மண் தோட்டத்து மண்ணே இல்லாமல் இருக்கலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் படத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அளவு. 10-க்கு 12 அடி என்பது 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். 20 லிட்டர் வாளியில் 2 வாளி, 40 லிட்டர். அதை அந்த இடம் முழுக்கப் பரப்பினால் 4 மில்லிமீட்டர்கூட வராது, ஒரு கனத்த தோசை அளவு. செடியின் வேர் அதிகம் ஓடும் மேல் அரை அடி மண்ணின் எடையோ ஏறக்குறைய 2 டன். 2 டன் மண்ணில் 20 கிலோ உரம் கலந்துவிட்டு மண்ணின் குணம் மாறவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஏழையான செம்மண்ணில் முதல் தடவை பயன் தெரிய வேண்டுமென்றால் ஓர் அங்குல கனம் பரப்பி மேல் அரை அடியில் கலக்க வேண்டும். உங்கள் இடம் முழுவதற்கும் அதற்கு 280 லிட்டர், எடையில் சுமார் 150 கிலோ தேவை. நான்கு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஈரக் கழிவு வரும். மக்கி முடியும்போது தண்ணீர் வற்றி, பாதிக்கு மேல் காற்றாகப் போய், மாதத்துக்கு 8 கிலோ தேறினால் நல்ல கணக்கு. அதாவது ஒரு வருடம் முழுக்க ஒழுங்காகச் செய்தாலும் 100 கிலோவைச் சுற்றித்தான் நிற்கும்.

அதனால் இடம் முழுவதையும் ஒரே சமயத்தில் திருத்தப் பார்க்காதீர்கள். 3-க்கு 4 அடியில் ஒரே ஒரு பாத்தி எடுங்கள். அதற்கு ஓர் அங்குலம் என்றால் 28 லிட்டர், ஒன்றரை வாளி. உங்களிடம் இருந்த 2 வாளியே ஒரு பாத்திக்குத் தாராளமாகப் போதும். மீதி இடத்தை வெறும் சருகால் மூடிப் போட்டுவிட்டு அடுத்த தவணை உரம் வரும்போது அடுத்த பாத்திக்குப் போகலாம். அவசரமென்றால் நர்சரியில் மக்கிய மாட்டு எருவோ மண்புழு உரமோ மூட்டை வாங்கிக் கலந்துகொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

இனி வாளி. கர்நாடக உயர் நீதிமன்றம் 2015-இல் குப்பையைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகு பெங்களூரு வீடுகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது அந்தப் பச்சை வாளி. ஈரக் குப்பையை மறுநாள் வண்டியில் கொடுக்கும்வரை சிந்தாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. அடியில் ஓட்டை இல்லை, மேலே இறுக்கமான மூடி. அதற்குள் மாதக்கணக்கில் கழிவைப் போட்டு வைத்தால் அது மக்காது, அழுகும். மக்குவதற்கும் அழுகுவதற்கும் நடுவில் இருப்பது காற்றுதான். காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வேலை செய்தால் மழை பெய்த மண் வாசனை வரும். காற்று போகாவிட்டால் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, புளித்த வாடையும் அழுகிய முட்டை வாடையும் வரும். அந்தக் கலவையில் சேரும் அமிலங்கள் இளம் வேரைச் சுடும்.

ஆகவே 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு வாங்குங்கள், பழையதே போதும், ஆனால் ரசாயனம் வந்ததாக இருக்கக் கூடாது. பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளியில் 8 மில்லிமீட்டர் ஓட்டைகள், அடியில் 10, 12 ஓட்டைகள். ஓட்டைகளுக்கு உட்புறமாகக் கொசுவலைத் துண்டு ஒட்டினால் ஈ குறையும். டிரம்மை நேராகத் தரையில் வைக்காமல் 3 செங்கல் மேல் ஏற்றி, கீழே ஒரு தட்டு வையுங்கள். உள்ளே அடியில் 4 அங்குலத்துக்குத் தேங்காய் நார், குச்சி, முருங்கைக் காம்பு மாதிரி முரட்டுப் பொருள். நனைந்தாலும் படியாமல் நின்று அடியிலிருந்து காற்று ஏறுவதற்கு இதுதான் வழி. டெய்லி டம்ப் என்ற பெங்களூரு நிறுவனத்தின் கம்பா போன்ற மூன்றடுக்கு மண்பானையும் நன்றாக வேலை செய்யும். மண்பானை சுவரே ஈரத்தை வெளியே விடுவதால் தவறு செய்தாலும் கொஞ்சம் மன்னிக்கும். விலையும் எடையும்தான் அதன் குறை. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஸ்வச்சாகிரஹ கலிகா கேந்திரா என்று கம்போஸ்ட் முறைகளையெல்லாம் செய்து காட்டுவதற்காகவே ஓர் இடம் உண்டு. வாங்குவதற்கு முன் நேரில் பார்க்க நினைத்தால் விசாரித்துவிட்டு ஒரு நடை போய் வரலாம்.

அடுத்தது, சறுக்கல் அதிகம் நடக்கும் இடம்: காய்ந்த பொருள். கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) 25-லிருந்து 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாரும் எழுதுவார்கள். அது சரிதான். ஆனால் வீட்டு அளவில் அதைவிட முக்கியம் தண்ணீர். காய்கறிக் கழிவில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ கழிவுக்கு 200 கிராம் சருகு போட்டால் விகிதக் கணக்கு கச்சிதமாக வந்துவிடும், ஈரமோ 75 சதவீதத்தில் நிற்கும். வேண்டியது 50-லிருந்து 60. ஏட்டுக் கணக்கு சரியாக இருந்தும் வாளி நாறுவதற்கு இதுதான் காரணம். எனவே கிலோ கணக்கை விட்டுவிட்டுக் கிண்ணத்தால் அளந்து போடுங்கள்: ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒன்றரை முதல் 2 கிண்ணம் நொறுக்கிய சருகு. கழிவை இரவு முழுக்க ஓட்டைத் தட்டில் வடியவிட்டுக் காலையில் போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். தர்பூசணித் தோல், பூசணிக் குடல், சௌசௌ தோல் எல்லாம் நீர்ப் பண்டம், அன்றைக்குச் சருகு இரட்டிப்பு.

மரத்தூளை நிறுத்திவிடுங்கள். அதில் கரிமம் தழைச்சத்தைவிட 200-லிருந்து 500 மடங்கு. அது மக்க வேண்டுமென்றால் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேறெங்கிருந்தாவது வர வேண்டும். அரைகுறையாக மக்கிய மரத்தூள் மண்ணுக்குள் போனால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பில் பிடித்து வைத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். உங்கள் கத்தரி வெளுத்ததற்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். போதாததற்கு, இன்றைய தச்சுப் பட்டறைத் தூளில் பாதி பிளைவுட்டை அறுத்த தூள், பசையும் ரசாயனமும் கலந்தது. கோகோபீட் என்னும் தேங்காய் நார்த் தூள் பரவாயில்லை, ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் தான் மக்குவதற்கு வெகுநாள் எடுக்கும். அவசரத்துக்கு ஒரு பிடி தூவலாம், அதையே முழுக்க நம்பக் கூடாது. முட்டை அட்டை, மெழுகு பூசாத அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போடலாம். எல்லாவற்றிலும் சிறந்தது தெருவில் சும்மா கிடக்கும் சருகு.

ஈரம் சரியா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். டிரம்மின் நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து, துணி பிழிவதுபோல் இறுக்குங்கள். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கோத்து நின்றால் சரி. தண்ணீர் மணிக்கட்டு வழியாக ஓடினால் சருகு போதவில்லை. கையைத் திறந்ததும் பிடி பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளிக்க வேண்டும். டிரம்மில் எறும்பு குடியேறினாலும் காய்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

என்னென்ன போடலாம் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. காய்த்தோல், பழத்தோல், கறிவேப்பிலைக் காம்பு, பில்டரில் மிஞ்சும் காபிச் சக்கை, டீத்தூள், வாழையிலை, பூஜைப் பூ எல்லாம் போகும். பூவில் கட்டிய பிளாஸ்டிக் நூலைப் பிரித்துவிடுங்கள், டீ பை பலவற்றில் பிளாஸ்டிக் இழை உண்டு, பிரித்துத் தூளை மட்டும் போடுங்கள். எலுமிச்சைத் தோலும் வெங்காயத் தோலும் கூடாது என்பார்கள். மண்புழு தொட்டிக்குத்தான் அந்தக் கவலை, உங்களுக்கு இல்லை. முட்டை ஓட்டைப் பொடித்தால் தவிர அடுத்த வருடமும் ஓடாகவே இருக்கும். ஒரு கைப்பிடி பழைய சோறு, மீந்த பொரியல் பரவாயில்லை. சாம்பாரை அப்படியே கொட்டுவது வேண்டாம், உப்பும் எண்ணெயும் புளியும் சேர்ந்து வேலையைக் கெடுக்கும். மீன் செதில், எலும்பு, இறைச்சி போட்டால் பெருச்சாளி வரும். நாய், பூனைக் கழிவு கூடவே கூடாது. எதுவானாலும் ஓர் அங்குலத் துண்டாக நறுக்கிப் போட்டால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே மக்கும்.

நாற்றத்துக்கு வருவோம், வீட்டுக்காரர் சமாதானமாக வேண்டும் அல்லவா. மூக்கைச் சுளிக்க வைக்கும் காரமான அமோனியா வாடை என்றால் காய்கறிக் கழிவு மாதிரிப் பச்சைப் பொருள் அதிகம், சருகு போட்டுக் கிளறினால் ஓரிரு நாளில் அடங்கும். அழுகிய முட்டை வாடை, புளித்த வாடை என்றால் தண்ணீர் அதிகம், காற்று இல்லை. அப்போது மேலே சருகு தூவுவதால் மட்டும் பயனில்லை. மொத்தத்தையும் ஒரு சாக்கின் மேல் கொட்டி, கட்டிகளை உடைத்து, சருகு கலந்து, அடியில் புதிதாக முரட்டுப் பொருள் வைத்துத் திரும்ப நிரப்ப வேண்டும். காலை நேரத்தில் செய்யுங்கள், அன்று ஒரு நாள் வீச்சம் இருக்கத்தான் செய்யும். தினமும் போட்டு முடித்ததும் மேலே 2 அங்குலச் சருகு மூடாக்கு இருந்தால் பழ ஈ முட்டையிட இடமில்லை.

புழுவைக் கண்டு பயந்திருக்கிறீர்கள். நீங்கள் போட்ட படத்தில் இருப்பது பழுப்பு நிறம், தட்டை உடம்பு, கணுக்கணுவாகக் கோடு. அது பிளாக் சோல்ஜர் என்னும் ஈயின் புழு. கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை மற்ற எதைவிடவும் வேகமாகத் தின்று தீர்க்கும். வளர்ந்ததும் தானே மேலேறி வெளியே போய்விடும். அவ்வளவு புழு இருப்பது ஈரம் அதிகம் என்பதற்கும் ஓர் அடையாளம், அதனால் சருகு கூட்டினால் தானே குறையும். வெள்ளையாக, ஒரு முனை கூராக இருப்பது சாதாரண ஈயின் புழு. அது வந்தால் மேல் மூடாக்கு சரியில்லை. பூஞ்சை மாதிரி வெள்ளைப் படலம் வந்தால் சந்தோஷப்படுங்கள், அது வேலை நடக்கிறது என்பதற்குச் சாட்சி.

இரண்டு டிரம் ஏன் என்றால், முதல் டிரம் 35, 40 நாளில் நிரம்பும். அதன்பின் அதில் புதுக் கழிவு ஒரு தோல்கூடப் போடக் கூடாது. அடுத்ததை நிரப்பத் தொடங்கிவிட்டு, முதலாவதை 5 நாளுக்கு ஒரு தரம் அடிவரை கிளறிக்கொண்டே வாருங்கள். வெயில் காலத்தில் 45 நாள், பெங்களூருவின் டிசம்பர், ஜனவரிக் குளிரில் 75 முதல் 90 நாள் ஆகும். நீங்கள் ஒரே வாளியில் மேலே போட்டுக்கொண்டே இருந்து அடியிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அடியில் இருப்பது கறுப்பாகத் தெரியும், கறுப்பானதெல்லாம் மக்கியது ஆகாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பண்ணையில் குவிக்கும் கம்போஸ்ட் 55 டிகிரிக்கு மேல் சூடேறி களை விதையையும் கிருமியையும் கொல்லும். அதற்கு நீள, அகல, உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது வேண்டும். 50 லிட்டர் டிரம் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்காது. ஆகவே நோய் தாக்கிய தக்காளிச் செடி, விதை வைத்த களை இவற்றை டிரம்மில் போடாதீர்கள். உங்கள் உரத்திலிருந்து தக்காளியும் பூசணியும் தானாக முளைப்பதற்கும் இதுவே காரணம்.

கிளற நேரமில்லை என்றால் மாற்று உண்டு, அதற்கு உங்கள் ஊர்ப் பெயரே வைத்திருக்கிறார்கள். 1939-இல் ஆச்சார்யா என்பவர் வகுத்த 'பெங்களூரு முறை': குழியில் கழிவை அடுக்கி, மண்ணால் பூசி மூடி, கிளறாமல் 6 முதல் 8 மாதம் விட்டுவிடுவது. நகரக் குப்பையை மனத்தில் வைத்து வகுத்தது அது. வீட்டுக்கு ஏற்றபடி சுருக்கினால், பாத்திக்கு நடுவில் ஒன்றேகால் அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, கழிவும் சருகுமாக அரை அடி போட்டு, மேலே முக்கால் அடி மண் மூடி 4 மாதம் விடலாம். டிரம்மே தேவையில்லை, இறுகிய மண்ணும் உள்ளிருந்தே இளகும். செப்டம்பர், அக்டோபரில் தண்ணீர் தேங்கும் இடமென்றால் வேண்டாம், மேடான மூலையில் மட்டும் செய்யுங்கள்.

உரம் முதிர்ந்ததா என்று தெரிந்துகொள்ளக் கண்ணை நம்ப வேண்டாம். ஈரமான ஒரு பிடியை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, 3 நாள் நிழலில் வையுங்கள். திறந்து முகரும்போது மண் வாசனை வந்தால் முடிந்தது, புளிப்போ வீச்சமோ வந்தால் இன்னும் 3 வாரம். அதோடு ஒரு கொட்டாங்குச்சியில் சலித்த உரம் பாதி, மண் பாதி, இன்னொன்றில் மண் மட்டும் எடுத்து, இரண்டிலும் இருபது இருபது வெந்தயம் விதையுங்கள். ஒரு வாரத்தில் இரண்டிலும் ஒரே மாதிரி முளைத்து நின்றால் போடலாம். உரம் கலந்ததில் முளை குறைந்தாலோ வேர் நுனி பழுப்பானாலோ அது இன்னும் முதிராத உரம். சலிக்க மணல் சல்லடை போதும். மிஞ்சும் கட்டியை அடுத்த டிரம்முக்கு அடியில் போட்டால் அதைவிட நல்ல தொடக்க மருந்து கிடையாது. சலிக்கும்போது லேசாக நனைத்துக்கொள்ளுங்கள், மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். காய்ந்த உரத்தூளில் பூஞ்சை விதைத்தூள் இருக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

தொடக்க மருந்து என்றதும் நினைவுக்கு வருகிறது, புளித்த மோர், வெல்லக் கரைசல், கடையில் விற்கும் கல்ச்சர் என்னும் நுண்ணுயிர்க் கலவை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கழிவிலும் சருகிலுமே தேவையான நுண்ணுயிர்கள் வந்துவிடுகின்றன. முதல் டிரம்முக்கு ஒரு பிடி பழைய உரமோ காய்ந்த சாணமோ போட்டால் சில நாள் மிச்சமாகும். ஈரமும் காற்றும் சரியில்லாத டிரம்மை எந்த மோரும் காப்பாற்றாது. வாளியின் அடியில் தேங்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறீர்கள் என்று தெரிகிறது. கீரைக்கும் பச்சையாகத் தின்னும் எதற்கும் ஊற்றாதீர்கள், அது காற்றில்லாமல் ஊறிய நீர், கிருமி இருக்கலாம். பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடியின் மண்ணில் விடலாம். ஒழுங்காக ஓடும் டிரம்மில் சொட்டவே சொட்டாது.

யூரியா கேள்விக்கு நேரான பதில்: இரண்டும் ஒரே வேலைக்கானவை இல்லை. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், நல்ல வீட்டு கம்போஸ்டில் ஒன்று, ஒன்றரை. கம்போஸ்ட் மண்ணைக் கட்டமைக்கும், தண்ணீரைப் பிடித்து வைக்கும், செடிக்குச் சோறு கொஞ்சமாகத்தான் போடும். இப்போதைய பட்டினிக்குக் கைவைத்தியமாக 10 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் யூரியா கரைத்து, செடிக்கு அரை லிட்டர் வீதம் 10 நாள் இடைவெளியில் 2 முறை வேரடியில் ஊற்றுவதில் தவறில்லை. ரசாயனம் வேண்டாமென்றால் 100 கிராம் கடலைப் புண்ணாக்கை 3 நாள் ஊறவைத்து 10 லிட்டராக்கி ஊற்றுங்கள், வேலை சற்று மெதுவாக நடக்கும், வாடை உண்டு.

ஆனால் அதற்கு முன் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். படத்தில் அது தெளிவாக இல்லை. அடியில் உள்ள பழைய இலை முழுதாக ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துப் பஞ்சம், மேலே சொன்னது பலிக்கும். நுனியில் உள்ள புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புப் பஞ்சம். சிவந்து தெரிவதே இரும்பால்தான், அந்த மண்ணில் இரும்புக்குப் பஞ்சமா என்று தோன்றும். மண்ணில் சுண்ணாம்பு ஏறிக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) கூடினால் இருக்கும் இரும்பை வேர் எடுக்க முடியாது. என் மூன்றாவது சந்தேகம் இங்கேதான். பெங்களூரு லேஅவுட் வீடுகளில் தோட்டத்து மண் என்பது பெரும்பாலும் அஸ்திவாரம் தோண்டிய அடிமண், மேலே சிமென்ட் கலவையும் பூச்சுச் சில்லுகளும் விழுந்தது. நாலைந்து இடத்தில் அரை அடி ஆழத்து மண்ணை எடுத்துக் காயவைத்து, ஒரு கரண்டி மண்ணில் சில சொட்டு வினிகர் விடுங்கள். சுரீரென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அப்படியானால் சில்லுகளைப் பொறுக்கி எடுங்கள், சாம்பலும் முட்டை ஓடும் போடுவதை நிறுத்துங்கள், இலைவழி இரும்புச் சத்து கடையில் கிடைக்கும். கடினமான போர்வெல் தண்ணீரே ஊற்றுகிறீர்கள் என்றால் அதுவும் காரத்தை ஏற்றும், மழைநீரைப் பிடித்து ஊற்ற முடிந்தால் நல்லது. சரியான விடை மண் பரிசோதனையில்தான் கிடைக்கும். 5, 6 இடத்தில் 'வி' வடிவக் குழி வெட்டி, ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சீவி எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரை கிலோ ஹெப்பாலைத் தாண்டி இருக்கும் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் கொடுக்கலாம். அறிக்கையில் அங்ககக் கரிமம், அதாவது மக்கிய பொருளில் உள்ள கரிமம், 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் நல்லது.

மண் இறுகுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கரிமம் இல்லாத செம்மண்ணில் மழைத்துளி விழும் அடியில் மண்கட்டி உடைந்து, நுண்துகள் இடுக்கெல்லாம் அடைத்து, காய்ந்ததும் ஓடு கட்டிக்கொள்ளும். எம்-சாண்ட் என்னும் கல்லை உடைத்த மணலைக் கொட்டினால் இளகும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். களிமண் கலந்த மண்ணில் கொஞ்சமாக மணலைச் சேர்த்தால் இன்னும் இறுகும், செய்யாதீர்கள். ஈரமாக இருக்கும்போது கொத்தவும் கூடாது. ஒரு பிடியை உருட்டித் தட்டினால் உதிர வேண்டும், அந்தப் பதத்தில்தான் மண்வெட்டி. உரம் கலந்த பாத்தியின்மேல் 2, 3 அங்குலச் சருகு மூடாக்கு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. உரத்தில் பாதிப் பலன் இந்த மூடாக்கால் வருகிறது. மண் நிறம் மாறி, விரல் இறங்கும் அளவுக்கு இளக இரண்டு மழைக்காலம் ஆகும். ஒரே பருவத்தில் நடக்காது.

கடைசியாக, சருகுக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெங்களூருத் தெருக்களில் கொட்டிக் கிடக்கும், கூட்டிக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் தெருவைக் கூட்டும் அம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வைத்து 6, 7 மூட்டை வாங்கிவிடுங்கள், வருடத்துக்குப் போதும். தூங்குமூஞ்சி மரத்து இலை சின்னதாக இருப்பதால் நொறுக்கவே வேண்டாம், புங்க இலை வேகமாக மக்கும். மாவிலை, நெட்டிலிங்க இலை, தைல மரத்து இலை ஆகியவை தாமதம், கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடை மழை தொடங்குவதற்குள் மூட்டைகள் நனையாத இடத்துக்குப் போய்விட வேண்டும். மாடிப்படிக்கு அடியில் இடம் கேட்டால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். டிரம் நாறாமல் இருக்கவே அந்த மூட்டை என்று சொல்லிப் பாருங்கள்.